றக்வான மலையில் செடி எண்ணப் போனது

என் மரக்கட்டைகளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். இரத்தினபுரியில் ஒரு மரக்கடையில் அறுத்து வாங்கிய, ஒரு முழ நீளக் கட்டைகள். சாக்கில் கட்டி மடியில் வைத்திருந்தேன். அவர் சிங்களத்தில் வாதாட, நான் பொள்ளாச்சித் தமிழில் வாதாட, ஜெயித்தது அவர்தான். கட்டைகளுக்கு அரை டிக்கெட்.

அதோடு விட்டதா சனியன்! முன் இருக்கை காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். பஸ் நகர்ந்ததும் பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு பெண்மணி தோளைத் தொட்டு, ஜன்னலுக்கு மேலே எழுதியிருந்ததைக் காட்டினார். அது புத்த பிக்குமார் உட்காரும் இடமாம். எழுந்தேன். பிறகு எனக்கு எங்கே இடம்? றக்வான வரைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். என் சாக்குக்கு மட்டும் யாரோ இடம் கொடுத்தார்கள்.

வால்பாறை ஏறும் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். வாந்தி வருகிறவர்களுக்கு, இன்னும் எத்தனை பாக்கி என்றாவது தெரியும். இந்த மலையில் அந்தத் தயவும் கிடையாது. பின்சீட்டில் இரண்டு பேர் என் சாக்கைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பையன் மொழிபெயர்த்துச் சொன்னான்: "ஒருத்தர் சொல்றார், இந்த அம்மா கல்யாணப் பந்தல் போடப் போறாங்கன்னு. மத்தவர் சொல்றார், இல்ல, தக்காளிக்குக் கம்பு நடன்னு." நானும் சிரித்தேன். அன்று முழுக்க யாரோடாவது நான் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

நான் போனது செடி எண்ண. கொழும்பில் ஒரு சின்ன ஆய்வுக்குழு, கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் என்னென்ன முளைக்கிறது என்று கணக்கெடுக்க நல்ல முறை ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் பழைய வியாதி இதுதான்: ரோட்டோரமாகப் போய், கண்ணுக்குப் பிடித்த இடத்தில் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, அதற்குள் இருப்பதை எண்ணிக்கொண்டு வந்து, 'இதுதான் மலை' என்று சொல்லிவிடுவது. அப்படி எண்ணினால் மலை நம்முடைய ஆசைப்படிதான் தெரியும். ஆகவே என் முறையில் இடத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். புள்ளி முள்ளில் விழுந்தாலும் பள்ளத்தில் விழுந்தாலும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும், ஓரடி நகர்த்தக் கூடாது. நான்கு மூலையிலும் கட்டை அடித்து எண்ணிவிட்டு, சில நாள் கழித்து அதே சதுரத்துக்குத் திரும்பப் போய், முதல் கணக்கைப் பார்க்காமல் மறுபடி எண்ண வேண்டும். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் என் கண் சொல்லும் பொய்யின் அளவு.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் செடியின் பேரையும், சதுரத்தில் நூற்றுக்கு எவ்வளவு இடத்தை அது மூடியிருக்கிறது என்பதையும் உரக்கச் சொல்வார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். காதில் தப்பாக விழுந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குத் திருப்பிச் சொன்னவள் கலைவாணி. நான் "நாயுண்ணி, பத்து" என்பேன். அவள் "நாயுண்ணி, பத்து" என்பாள். வீட்டில் எனக்கு யாருமில்லை என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டபோதெல்லாம், அட போங்கப்பா, நாள் பூராவும் நான் சொல்வதை ஒருத்தி அட்சரம் பிசகாமல் கேட்கிறாளே, எந்தப் புருஷன் கேட்பான் என்று நினைத்துக்கொள்வேன். கலை ஓய்வுபெற்று மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டாள். இங்கே உதவிக்கு வருவதாக இருந்த மாணவிக்குப் பரீட்சை வந்துவிட்டது. இப்போது நான் போனில் பதிவு செய்கிறேன். போன் திருப்பிச் சொல்வதில்லை.

றக்வான கடைத்தெருவில் கட்டைகளில் கட்ட ரிப்பன் தேடினேன். இரும்புச் சாமான் கடைக்காரர் மாவனல்லைக்காரர், முஸ்லிம், எல்லோரும் அவரை 'நானா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிட்டார்கள். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தியாவா மேடம்? இருங்க, இருங்க. ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க."

வெள்ளை ரிப்பன் கேட்டேன்.

"வெள்ள முடிஞ்சு. செவப்புத்தான் இருக்கு. போன மாசம் சர்வேயர் மாத்தயாவும் இதத்தான் கொண்டு போனார்."

மாத்தயா என்றால் ஐயா. எனக்கு எந்த நிறமானால் என்ன? வாங்கிக்கொண்டேன். பால் இல்லாத அந்த இஞ்சித் தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், துரை பங்களாவில் எனக்கு அறை கொடுத்திருந்தார்கள். துரை, அதாவது தோட்ட மேனேஜர், கொழும்பில். பங்களாச் சமையல்காரரை இங்கே அப்பு என்கிறார்கள். அவரும் நானும் மட்டும். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையின் ஒரு கோடியில் எனக்கு இலையளவுக்கு ஒரு துணி விரித்து, சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, பொரித்த கருவாடு, மிளகாய் இடித்த கட்டச் சம்பல் எல்லாம் வைத்தார். அந்தச் சம்பலின் காரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நீங்களும் உட்காருங்க அப்பு" என்றேன்.

"ஐயோ, இல்லீங்க மேடம். நீங்க சாப்புடுங்க" என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சமையலறையில் ரேடியோ மெல்லப் பாடியது. சத்தத்தைக் கூட்டச் சொல்லலாமா என்று யோசித்து, கேட்கக் கூச்சப்பட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் மலை ஏறினேன். தேயிலையைக் காட்டுக்கு விட்டுப் பல வருஷமான சரிவு அது. புல்லும் பெரணியும் நெஞ்சு உயரம் வளர்ந்திருந்தன. சரிவுக்குக் கீழே லயம் தெரிந்தது. வால்பாறையில் நாங்கள் 'பாடி' என்பதை இங்கே லயம் என்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். குலுக்கலில் என் சதுரங்களில் பாதி லயத்தை ஒட்டி மேலேயே விழுந்திருந்தன, மீதி மலை உச்சிப் பக்கம். பத்து மீட்டர் சதுரம். கட்டை அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மானாப்புல், நாற்பது."

"மானாப்புல்லு, நாப்பது."

தூக்கிவாரிப்போட்டது. திரும்பினால் பாறைமேல் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவராக இருக்கலாம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கு இன்னும் கட்டியபடியே இருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். நீங்க யார்கூடவோ பேசுறீங்கன்னு நெனச்சேன். யாரும் பதில் சொல்லல. அதான்."

பிலோமினா என்று பேர் சொன்னார். அவரை நான் விடுவேனா? பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். வெட்கம் போனதும் குரல் கணீரென்று வந்தது. "நாயுண்ணி, அஞ்சு." "தேயில, ரெண்டு." என் கெண்டைக்காலில் அட்டைகள் ஏறுவதைப் பார்த்து, "சவுக்காரத்தத் தேச்சுக்கிட்டு வரணும் மிஸ், இப்புடியா வருவாங்க?" என்று ஏசிவிட்டு அவரே பிய்த்துப் போட்டார். அன்று மத்தியானம் மழை வரும்வரைக்கும் நான் தனியாக இல்லை.

அடுத்த நாள் வேடிக்கை பார்க்கவே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். என்ன செய்கிறேன் என்று கேட்டார்கள். "செடி எண்ணறேனுங்க" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர், "அது சரி மிஸ். ஆனா இந்தப் பக்கம் தண்ணி வசதி இல்லியே?" என்றார். செடிக்கு மழை போதும் என்றேன். அவரும் "ஆமா ஆமா, பைப்பு பொறவு பாத்துக்கலாம்" என்றார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நல்ல மனுஷர்கள், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பிலோமினா அவருடைய காம்பராவுக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய ஒற்றை அறை. நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் கொழுந்தனார் குடும்பம். இந்தப் பக்கம் ஒரு கட்டில், அடுப்பு, அந்தோணியார் படம். புருஷன் கொழும்பில் கடை வேலை. மகள் மெர்சி கட்டுநாயக்கவில் கார்மெண்டில். சுவரில் இருந்த மகளின் போட்டோவில் அம்மாவின் அதே மூக்கு.

"லீவுக்கு வாடின்னா, வந்து எங்கம்மா படுக்குறதுன்னு கேக்குறா. என்ன சொல்ல? பெரிய புள்ள. திரைக்கி அந்தப்பக்கம் வயசுப் பயலுக. போன கிறிஸ்மசுக்கும் வரல. நான் மட்டும் கேக்கு வாங்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்களுக்குப் புள்ளைங்க?"

இல்லை என்றேன். ரொட்டியில் இன்னொன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். 

ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. அந்தோணியார் கோயில் மணி கேட்டது. கலைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. டவுனுக்கு நடந்து போய் மாலுபாண் ஒன்று, அதாவது மீன் வைத்த பன், வாங்கித் தின்றுவிட்டு, மழையில் ஒதுங்கி நின்று, திரும்பி வந்தேன். நாள் நீளமாக இருந்தது. ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இப்படித்தான், ஆனால் அங்கே வீட்டைப் பெருக்கியாவது பொழுதைப் போக்குவேன்.

திங்களன்று இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

லயத்துக்கு மேலே இருந்த சதுரங்கள் எல்லாம் மொட்டை. கயிறு பிடித்தது போல, சிவப்பு ரிப்பனுக்கு உள்ளே ஒரு புல் இல்லை. வெளியே நெஞ்சு உயரக் காடு அப்படியே நிற்கிறது. வேரோடு தோண்டி, கல் பொறுக்கி, வெட்டிய புல்லை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேல் பக்கம் மழைத் தண்ணீர் இறங்காமல் அழகாகக் கான் வெட்டியிருந்தது. தேயிலை மலையில் பிறந்தவர்கள் எந்த நிலத்திலும் முதலில் வெட்டுவது அந்த வாய்க்காலைத்தான்.

"எவன்டா இந்த வேலையைப் பண்ணினது!" என்று கத்தினேன். என்னுடைய இரண்டாவது கணக்கு போச்சே! எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, இன்னும் என்னென்னவோ கத்தியிருப்பேன். அதற்குள் பிலோமினா பிளாஸ்க்கோடு மேலே ஏறி வந்துவிட்டார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திருநாளுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார்.

"சுத்தமா இருக்குங்களா மிஸ்? ராவோட ராவா மழ வந்துருமோன்னு பயந்துக்கிட்டே வெட்டுனோம். இது என்னோடது." இரண்டாவது சதுரத்தைக் காட்டினார். ஒரு மூலையில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று நட்டிருந்தது. "சண்ட சச்சரவு இல்ல. நேத்துப் பூச முடிஞ்சு அந்தோணியாருக்கு முன்னாடி சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். கெடைக்காதவங்க அடுத்த தடவைக்கின்னு ஒத்துக்கிட்டாங்க. நீங்க எப்புடி மிஸ் எடம் புடிச்சீங்க?"

"குலுக்கித்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போதுதான் மெல்ல மெல்லப் புரிந்தது. போன மாதம் கீழ் டிவிஷனில் சர்வேயர் வந்து இதே கட்டையடித்து, இதே சிவப்பு ரிப்பன் கட்டி, வீட்டுக்குக் காணி பிரித்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டங்களில் இந்திய அரசாங்கத்தின் பணத்தில் 'இந்திய வீடு' கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கேயோ இந்தியாவிலிருந்து ஒருத்தி கட்டையோடு வந்து இறங்குகிறாள், சதுரம் சதுரமாகக் கட்டுகிறாள், கேட்டால் புல் எண்ணுகிறேன் என்கிறாள். பிளேன் ஏறி வந்து எவளாவது புல் எண்ணுவாளா? பட்டியல் வெளியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மேலே சொல்லியிருப்பார்கள் என்றே அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

"ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் சின்னதுதான்" என்று பிலோமினா சொல்லிக்கொண்டிருந்தார். "பரவால்ல. எங்க காம்பராவ விடப் பெருசு. மெர்சிக்கிப் போன் பண்ணிட்டேன். பவுர்ணமி போயா லீவுக்கு வர்றாளாம் மிஸ், காணி பாக்க!"

நான் உடனே சொல்லியிருக்க வேண்டும்.  தேநீரை வாங்கிக் குடித்தேன். உச்சிப் பக்கச் சதுரங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டேன். பிலோமினா பின்னாலேயே வந்து, நான் சொன்னதை எல்லாம் முன்னைவிட உற்சாகமாகத் திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு பேரும் என்னைக் குத்தியது. சாயங்காலம் பன்னிரண்டு பேர் மேசையில் சோறு இறங்கவில்லை. "சமையல் சரியில்லீங்களா மேடம்?" என்று அப்பு கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

மறுநாள் கொழுந்து மடுவத்துக்குப் போனேன். பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை அது. பிலோமினா சாக்கை இறக்கும்வரை காத்திருந்து, தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். காணி இல்லை. வீடு இல்லை. நான் உண்மையாகவே செடிதான் எண்ண வந்தேன். சொன்னதை நம்பியிருக்கலாமே என்றும் வாய் தவறி வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமுன்னு எப்புடி மிஸ் நம்புறது? இதுவரைக்கும் மொதல்லயே எங்ககிட்ட யாரு நெசத்தச் சொல்லியிருக்கா?"

காலியான சாக்கைக் கீழிருந்து எடுத்தார்.

"அது போவட்டும். நேத்தே தெரிஞ்சிருச்சுல்ல ஒங்களுக்கு? நான் டீ ஊத்திக் குடுக்கும்போதே?"

"தெரிஞ்சதுங்க."

"நேத்து நானும் மெர்சியும் ஒரு மணி நேரம் பேசுனோம். ஜன்னல எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு." சாக்கை உதறி மடித்தார். "மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

அன்று உச்சிப் பக்கச் சதுரங்களை நான் மட்டும் எண்ணினேன். ஒரு செடியைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். காற்றுக்குப் புல் அசைந்தது. திரும்பும்போது லயத்து வழியாகத்தான் வர வேண்டும். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். தண்ணீர் வசதி கேட்ட அந்தப் பெரியவர் மட்டும் இருந்தார்.

"நல்லது மிஸ்" என்று சிரித்தார். "அம்புட்டுப் பில்லு வெட்டுனோமே, அதுக்குப் பேரு யாரு போடுவா?"

பேர் போடுவது என்றால் ஒரு நாள் கூலிக்குக் கணக்கு எழுதுவது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கடைசி நாள் மொட்டைச் சதுரங்கள்தான் பாக்கி. விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் என் முறையின் முதல் சட்டமே அதுதான்: குலுக்கலில் விழுந்த இடத்தை, பிடிக்கவில்லை என்று தள்ளக் கூடாது. என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக மாணவர்களுக்கு மேடையேறிச் சொல்லிக்கொடுத்த சட்டம். போனேன்.

இரண்டாவது சதுரத்துக்குள் பிலோமினா குந்தியிருந்தார். வேலைக்குக் கட்டுகிற பழைய சேலை. பக்கத்தில் ஒரு காலிப் பால்மா டின். கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றி விரலாலேயே மண்ணைத் தோண்டி, வேர் அறாமல் தூக்கி டின்னுக்குள் வைத்தார். பள்ளத்தை மூடிக் கையால் தட்டிச் சமப்படுத்தினார். நான் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

"அது இருக்கட்டுங்க பிலோமினா. எடுக்க வேண்டியதில்ல" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"இங்க இருந்து என்னா செய்யப் போவுது? காட்டுல கறிவேப்பில யாருக்கு? காம்பரா வாசல்ல வச்சிக்கிறேன்."

"மெர்சி?"

"வராதன்னு சொல்லிட்டேன். எதுக்கு பஸ்சு காசு?"

டின்னை எடுத்துக்கொண்டு ரிப்பனைத் தாண்டி வெளியே வந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். முதல் நாள் உட்கார்ந்த அதே பாறையில் போய் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க மிஸ்" என்றார். "மழ வருது."

சதுரத்தை நான்கு மூலையும் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு துளிர், ஒரு புல் நுனி இருந்துவிடாதா என்று குனிந்து குனிந்து தேடினேன். வேலையில் கெட்டிக்காரர்கள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. போனை எடுத்தேன், பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

"மண்" என்றேன். "நூறு."

"மண்ணு" என்றார் பிலோமினா. "நூறு."